எண்பது மைக்ரான்

லியேபாயாவில் பிப்ரவரி.
சமையலறை ஜன்னல் இரண்டையும் விரியத் திறந்துவிட்டு
கம்பளிக் கோட்டும் ரப்பர் கையுறையுமாய் நிற்கிறேன்.
அமிலப் புகைக்குக் குளிரே மேல்.
மாடிப்படியில் நின்று அக்ரிஸ் கேட்கிறான்:
"யாரைக் கரைக்கிறாய்?"

அவன் குடித்த பீர் டப்பாவைத்தான்.
கத்தரித்து, விரித்து,
இரண்டு அகராதிகளுக்கு நடுவே ஓர் இரவு கிடத்தியும்
உருளையாய் இருந்ததை அது மறக்கவில்லை.
கை எடுத்தால் சுருளப் பார்க்கிறது.
அசிட்டோனில் பெயர் போனது, தங்கக் கோடு போனது,
பார்கோடு மட்டும்
கடன்காரன் மாதிரி கடைசிவரை நின்றது.

வௌவால்களுக்காக இவ்வளவும்.
கடலோரக் கோட்டையின் இடிந்த அறைகளில்
தலைகீழாய் உறங்குகின்றன.
ஏப்ரலில் அவை விழிக்கும்முன்
நம் காதுக்கு எட்டாத அந்தக் குரலைப் பிடிக்க
ஆறு கருவி வேண்டும் என்றாள்
அவற்றை எண்ணுகிற விஸ்மா.
பணம் இல்லையாம். பூசணி ஊறுகாய் தருவாளாம்.

சிப்புக்கு நாற்பத்தெட்டுக் கால்.
காலுக்கும் காலுக்கும் நடுவே
இரண்டு மயிரிழை படுக்கலாம், மூன்றாவதற்கு இடமில்லை.
ஊசிமுனையால் ஈயப்பசை வைத்துப் பார்த்தேன்:
எறும்பு வரிசையில் தேன் கொட்டியது போல்.
அதனால் துளையிட்ட தகடு.

முதல் தகட்டில் சரியான அளவையே வரைந்தேன்.
தவறு அங்கேதான்.
அமிலம் கீழ்நோக்கி மட்டும் தின்பதில்லை,
பக்கவாட்டிலும் கடிக்கும்.
அடுத்தடுத்த வீடுகளின் பொதுச்சுவர் விழுந்து
நாற்பத்தெட்டு அறைகள்
நான்கு சந்துகளாயின.

இரண்டாவதில் அவசரம்; தண்ணீர் போதவில்லை.
தகடு சீறிக் கொதித்து
கண்ணாடித் தட்டில் சாம்பல் நுரையாய் மிஞ்சியது.
இன்னொன்று குடி என்றேன் அக்ரிஸிடம்.
அறிவியலுக்கு அவன் இல்லை என்று சொல்வதில்லை.

மூன்றாவதற்கு
ஒவ்வொரு ஓரத்திலும் எண்பது மைக்ரான்
உள்ளே தள்ளி வரைந்தேன்.
வேண்டியதைவிடக் குறைவாய்க் கேட்பது,
மிச்சத்தை அது தானே எடுத்துக்கொள்ளும் என்று தெரிந்து.
என் முதல் கல்யாணத்தில் இது தெரிந்திருந்தால்...
சரி, வேண்டாம்,
இஸ்திரிப்பெட்டி சூடாகிவிட்டது.

அழுத்தி, ஆறவிட்டு, நீரில் ஊறவைத்து
காகிதத்தை உரித்தால் கருப்பு மை தகட்டோடு.
பின்பக்கம் டேப் ஒட்டி அமிலத்தில் இறக்கினேன்.
குமிழ்கள். இறகால் வருடி விலக்கினேன்.
எட்டாம் நிமிடம் எடுத்துக் கழுவி, டேப்பை உரித்து
ஜன்னலுக்கு நேரே பிடித்தேன்:
ஒரு வெளிச்சப் புள்ளி.
பக்கத்தில் இன்னொன்று.
பிறகு தூறல் பிடித்தது மாதிரி
நாற்பத்தெட்டும்.

மூலையில் மட்டும் ஏதோ.
எண்ணெய்ப் பிசுக்கில் மை ஒட்டாத இடத்தை
அமிலம் சொறிந்து வைத்திருக்கிறது:
வளைவு வளைவாய், கோடு கோடாய்,
என் பெருவிரல்.
வேறு எந்த ஆவணத்திலும்
இத்தனை தெளிவாய் நான் விழுந்ததில்லை.

காலாவதியான நூலக அட்டையால் பசையை இழுத்து,
மூச்சைப் பிடித்துத் தகட்டைத் தூக்கினேன்.
சாம்பல் நிறச் செங்கற்கள், ஒன்றோடொன்று தொடாமல்.
இடுக்கியால் சிப்பை இறக்கினேன்.
அப்பம் சுடும் தோசைக்கல்லாய் இனி ஆகவே முடியாத
பழைய இரும்புச் சட்டியில் வைத்து
அடுப்பை ஏற்றினேன்.
சாம்பல், சாம்பல், சாம்பல்,
சட்டென்று
எல்லாமே வெள்ளி.

இரண்டு கால் ஒட்டிக்கொண்டன. பிரித்தேன்.
அதைச் சொல்லாமல் விட்டால் பொய்.

இரவு பேட்டரி மாட்டினேன். ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல்.
பிப்ரவரியில் எந்த வௌவால் வந்து சோதித்துத் தரும்?
விஸ்மா தொலைபேசியில் சொன்னாள்:
"பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும்
மைக் முன்னால் உரசிப் பார்."

உரசினேன்.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
பெட்டிக்குக் கேட்டது:
காய்ந்த இலைமேல் யாரோ நடப்பதுபோல்
என் தோலின் அதே கோடுகள்
ஒவ்வொன்றாய்.

ஜன்னலைச் சாத்தினேன்.
இன்னும் ஐந்து.